டவருக்குள் ஜாப் ஒர்க்: திறந்த நெட்வொர்க் என்றால் என்ன?

திருப்பூரில் போய் ஜிஎஸ்எம் என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கும் செல்போன் ஞாபகம் வராது. "எத்தனை ஜிஎஸ்எம்முங்க, 160ஆ 180ஆ?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அங்கே அது துணியின் எடை, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. செல்போன்காரர்களின் ஜிஎஸ்எம் வேறு. 1991ல் பின்லாந்தில் முதல் அழைப்பு போன 2ஜி முறையின் பெயர் அது. இரண்டுக்கும் உறவே இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் செல்போன் ஆபரேட்டர்கள் இப்போது எந்தப் பக்கம் நகர்கிறார்கள், ஒரே டவரின் பெட்டிகளை வேறு வேறு கம்பெனிகளிடம் வாங்கிச் சேர்க்கிற திறந்த நெட்வொர்க் என்றால் என்ன என்று ஒருவருக்கு விளக்க உட்கார்ந்தால், திருப்பூரை விட்டால் எனக்கு வேறு உதாரணம் கிடைப்பதில்லை.

இரண்டு ஜிஎஸ்எம்மும் செய்கிற வேலை ஒன்றுதான். முன்பின் பழக்கமில்லாத இரண்டு பேர் நம்பி வேலை செய்வதற்கு ஓர் அளவைச் சொல்கின்றன. செல்போன் ஜிஎஸ்எம், போனுக்கும் டவருக்கும் நடுவில் நடக்கிற பேச்சை ஊரறிய எழுதி வைத்தது. அதனால்தான் நோக்கியா போன் எரிக்சன் டவரோடு பேசியது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அதுவும் பேசியது. இந்த மூட்டு 30 வருஷத்துக்கு மேலாகத் திறந்தே இருக்கிறது. டவரின் இரும்புக் கம்பமும் நம் நாட்டில் எப்போதோ பொதுவாகிவிட்டது. இண்டஸ் டவர்ஸ் மாதிரியான கம்பெனிகள் கம்பத்தை நட்டு, ஒன்றிலேயே இரண்டு மூன்று ஆபரேட்டர்களுக்கு வாடகைக்கு இடம் விடுகின்றன. மூடியே கிடந்தது அந்தக் கம்பத்தில் தொங்குகிற பெட்டிகளின் உட்பக்கம்.

அது எவ்வளவு மூடிக் கிடக்கிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு கோடை இடியால்.

அவிநாசிக்கு வடக்கே சேவூர்ப் பக்கம் என் மாமாவின் தோட்டம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாடகைக்கு விட்ட மூலையில் ஒரு டவர் நிற்கிறது. ஒரு சித்திரையில் இடி இடித்த கையோடு சிக்னல் போனது. மூன்று நாள் வரவில்லை. பேச முடியவில்லையே என்று மாமா கவலைப்படவில்லை, கிணற்று மோட்டாரைப் பற்றித்தான் கவலைப்பட்டார். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சிம் போட்ட ஒரு பெட்டி வைத்திருக்கிறார். சாளையில் கட்டிலில் படுத்தபடியே ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். அந்த மூன்று ராத்திரியும் திரீ பேஸ் கரண்ட் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே நடந்தார்.

மூன்றாம் நாள் பைக்கில் வந்த டெக்னீஷியனோடு நானும் கம்பி வேலிக்குள் போனேன். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் வெள்ளை வெள்ளையாக நீளப் பெட்டிகள், அவை ஆன்டெனா. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மோட்டார் பாடி மாதிரி வரி வரியாகச் சூடு தணிக்கும் தகடு வைத்த சாம்பல் நிறப் பெட்டி, அது ரேடியோ. அதிலிருந்து ஒரு கரண்ட் ஒயரும் விரலை விட மெலிதான பைபர் கேபிளும் கம்பத்தோடு இறங்கி, கீழே பீரோ மாதிரி ஒரு கேபினெட்டுக்குள் போகின்றன. உள்ளே பேட்டரிகள், ஃபேன் இரைச்சல், நடுவில் இரண்டு டிவிடி பிளேயரை அடுக்கிய அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குப் பேர் பேஸ்பேண்ட். ரேடியோ காற்றிலிருந்து பிடித்துத் தருவதைக் கணக்குப் போட்டு, இது பேச்சு, இது வாட்ஸப், இது இந்தப் போனுக்கு என்று பிரிக்கிற மூளை.

"கார்டு போயிருச்சுங்ணா. சென்னையில இருந்து வரோணும்" என்றார் அவர்.

"கோயமுத்தூர்ல வேற கம்பெனி கார்டு ஏதாச்சும் கிடைச்சாப் போட முடியாதா தம்பி?"

சிரித்துவிட்டார். "போட்டா, மேல இருக்கற பொட்டி பேசாதுங்ணா."

மேலிருக்கிற ரேடியோவும் கீழிருக்கிற பேஸ்பேண்டும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால்தான் பேசும். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது என்னவோ சாதாரண பைபர்தான். ஆனால் அதற்குள் ஓடும் பாஷையை அந்தந்தக் கம்பெனி தன் வசதிக்கு வளைத்து வைத்திருக்கும். ஆபரேட்டர் ஒரு மாவட்டத்துக்கு ஒரு கம்பெனியின் ரேடியோவை மாட்டிவிட்டால், அடுத்த பத்து வருஷத்துக்குக் கார்டும் சாப்ட்வேரும் ரிப்பேரும் அந்தக் கம்பெனியிடம்தான். விலையும் அவர்கள் சொல்வதுதான். உலகம் முழுக்க இந்த வியாபாரம் ஹுவாவே, எரிக்சன், நோக்கியா, இசட்டிஇ, சாம்சங் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய கைகளில் இருக்கிறது. அதிலும் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சீனக் கம்பெனிகளைப் பல நாடுகள் விலக்கிவிட்டன. பிரிட்டன் 2027க்குள் தன் 5ஜியிலிருந்து ஹுவாவே கருவிகளை எடுத்துவிட வேண்டும் என்று 2020ல் முடிவெடுத்தது. இந்தியாவில் 2021 ஜூன் முதல், நம்பகமானது என்று அரசு ஏற்ற இடத்திலிருந்துதான் ஆபரேட்டர்கள் புதிய கருவி வாங்க வேண்டும். கடைகள் ஏற்கெனவே குறைவு, அதிலும் பாதிக்கு ஷட்டர் இறங்கியது.

இப்போது திருப்பூருக்கு வருவோம்.

கோவையின் பழைய பெரிய மில்களில் ஒரு கேட் வழியாகப் பஞ்சு உள்ளே போகும், இன்னொரு கேட் வழியாகத் துணி வெளியே வரும். நூற்பு, நெசவு எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். பழைய டவர் பெட்டி அந்த மாதிரி. திருப்பூரின் பனியன் தொழில் பெரும்பாலும் அப்படி வளரவில்லை. நூல் ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தைக்கிறது பவர் டேபிள்காரர். துணி டெம்போவில் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் டப்பாவுக்குள் போகும். எல்லாமே ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலை. இது எப்படி ஓடுகிறது? டெலிவரி சலானில் நாலு வரி எழுதியிருப்பார்கள்: 30ஆம் கவுண்ட், இத்தனை டயா, 180 ஜிஎஸ்எம், கூடவே ஒரு ஷேடு துண்டு. அந்த நாலு வரியும் எல்லாருக்கும் ஒரே அர்த்தம் தருவதால், இந்தச் சாயப்பட்டறை சரிப்படவில்லை என்றால் அடுத்த லாட்டை வேறு பட்டறைக்கு அனுப்பலாம்.

ஓப்பன் ரேன் என்பது டவர் பெட்டிக்கு அந்தச் சலானை எழுதுகிற முயற்சி. ரேன் என்றால் போனுக்கும் ஆபரேட்டரின் நடு நெட்வொர்க்குக்கும் இடையிலுள்ள ரேடியோப் பகுதி. 2018ல் ஏடி அண்டு டி, சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், என்டிடி டோகோமோ, ஆரஞ்ச் என்ற ஐந்து ஆபரேட்டர்கள் சேர்ந்து ஓரான் அலையன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஐந்து பேரும் பெட்டி விற்கிறவர்களில்லை, வாங்குகிறவர்கள் என்பதைக் கவனியுங்கள். பையர்கள் கூடி ஸ்பெக் எழுதிய கதை இது.

அவர்கள் பேஸ்பேண்ட் என்ற ஒற்றை மூளையை இரண்டாகப் பிரித்த முறையை எடுத்துக்கொண்டார்கள். கம்பத்தின் மேல் இருப்பது ஆர்யு, ரேடியோ. அதற்குக் கிட்டத்தில் இருந்து அவசரக் கணக்குகளைப் போடுவது டியு. தள்ளி உட்கார்ந்து நிதானமான வேலைகளைப் பார்ப்பது சியு. இவற்றுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு மூட்டிலும் எந்தத் தகவல், எந்த வடிவில், எத்தனை நேரத்துக்குள் போக வேண்டும் என்று எழுதினார்கள். இதில் ஆர்யுவுக்கும் டியுவுக்கும் நடுவிலுள்ள மூட்டுதான் முக்கியம். அந்தத் தம்பி பேசாது என்று சொன்னது இந்த இடத்தைத்தான்.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் பெரிய விவாதமே நடந்தது. தைக்கிற யூனிட்டுக்கு முழு ரோலாகத் துணியை அனுப்பலாம், இங்கேயே கட்டிங் முடித்துக் கட்டுக் கட்டாகவும் அனுப்பலாம். ரோலாக அனுப்பினால் நமக்கு வேலை மிச்சம், டெம்போவில் பாரம் அதிகம். பழைய முறையில் ரேடியோ, பிடித்த அலையைக் கிட்டத்தட்ட அப்படியே எண்ணாக்கிக் கீழே அனுப்பிவிடும். 5ஜியில் ஒரே டவரில் நிறைய ஆன்டெனா என்று ஆனபோது அந்தப் பாரத்தை பைபர் தாங்கவில்லை. அதனால் அலையைப் பிரித்தெடுக்கும் முதல் கட்டக் கணக்கை ரேடியோவே போட்டு, கழிவை நீக்கிய பிறகு அனுப்பட்டும் என்று முடிவாயிற்று. இந்த வெட்டுக்கு அவர்கள் வைத்த எண் 7.2. பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கட்டிங் முடித்த துணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டியு எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்? பைபருக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ செகண்ட் ஆகும், அதாவது ஒரு செகண்டின் பத்து லட்சத்தில் 5 பங்கு. இந்த மூட்டில் ஒரு பக்கப் பயணத்துக்குச் சுமார் 100 மைக்ரோ செகண்டுதான் கிடைக்கும். ஆக 20 கிலோமீட்டர், அவ்வளவுதான். திருப்பூர் டவர்களுக்கான டியுவை அவிநாசியில் வைக்கலாம். கோவையில் வைக்க முடியாது, 50 கிலோமீட்டருக்கு 250 மைக்ரோ செகண்ட் ஆகிவிடும். கேபிள் ரோட்டை விடச் சுற்றித்தான் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சியுவுக்கு இந்த அவசரம் இல்லை, அது தாராளமாகக் கோவையில் உட்காரலாம். எல்லாமே கிளவுடுக்குப் போய்விட்டது என்று யாராவது சொன்னால், இந்த 20 கிலோமீட்டரை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

கிளவுடு என்ற சொல் வந்துவிட்டது. அதையும் பார்த்துவிடுவோம். முன்பெல்லாம் நெட்வொர்க்கின் ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே செய்த ஒரு பெட்டி. மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக வரும் மோனோபிளாக் மாதிரி, கருவியையும் சாப்ட்வேரையும் பிரிக்க முடியாது. 2012 அக்டோபரில் பெரிய ஆபரேட்டர்கள் பலர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேலை சாப்ட்வேரில் இருக்கட்டும், ஓடுவது சந்தையில் கிடைக்கும் சாதாரண சர்வரில் ஓடட்டும் என்பது அதன் சாரம். மோட்டார் ஒரு கம்பெனி, பம்பு ஒரு கம்பெனி, நடுவில் கப்ளிங். 5ஜியின் நடு நெட்வொர்க்கை, அதாவது கோரை, தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் வடிவமைத்தார்கள். நீங்கள் யார் என்று பார்ப்பது ஒரு சாப்ட்வேர், டேட்டாவுக்கு வழி போடுவது ஒன்று, டேட்டாவைச் சுமப்பது இன்னொன்று. கூட்டம் கூடினால் அதே சாப்ட்வேரின் இன்னொரு பிரதியை ஓட விட்டால் போதும்.

உடனே, அப்போது பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்கும் நாளன்று ஏன் போன் கிடைப்பதில்லை என்று கேட்பீர்கள். பங்குனியில் லட்சக்கணக்கான பேர் கூடுகிற அந்த இடத்தில் மாட்டிக்கொள்வது கோர் இல்லை, காற்று. ஆபரேட்டர் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றை இத்தனைதான், சர்வரைக் கூட்டினால் அலைக்கற்றை கூடாது. அதற்குத் தற்காலிக டவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தித்தான் ஆக வேண்டும். சாப்ட்வேர் நெட்வொர்க்கைப் பற்றி வருகிற விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

ஓப்பன் ரேனில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. டவர்களை மேய்ப்பதற்கு ரிக் என்று ஒரு கட்டுப்பாட்டு சாப்ட்வேர் இருக்கிறது. போனில் ஆப் போடுவது போல அதில் ஆப் போடலாம், அதுவும் யார் எழுதிய ஆப்பையும். ராத்திரி ஒரு மணிக்கு ஆளில்லாத தோட்டத்து டவரில் எதற்கு மூன்று அலைவரிசை, ஒன்றை வைத்து மற்றதைத் தூங்க விடு என்று ஒரு ஆப் சொல்லலாம். டவர் கரண்டுச் செலவில் ரேடியோ பெரும்பங்கு தின்பதால் இது சின்ன விஷயமில்லை. இன்னொரு வகை ஆப் 10 மில்லி செகண்டிலிருந்து ஒரு செகண்டுக்குள் முடிவெடுக்கும், எந்தப் போனை எந்த டவருக்குத் தள்ளுவது என்கிற மாதிரி. கோவையில் காலேஜ் முடித்த நாலு பிள்ளைகள் சேர்ந்து இப்படி ஓர் ஆப் எழுத முடியும். டவர் பெட்டியே செய்ய அவர்களால் ஆகாது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் எல்லாரும் மாறியிருக்க வேண்டுமே?

மறுபடியும் திருப்பூர்தான். ஷேடு மாறிப்போன துணி வந்தால் என்ன நடக்கும் என்று எந்த பனியன் கம்பெனியிலும் கேட்டுப் பாருங்கள். சாயப்பட்டறைக்காரர் நிட்டிங்கைச் சொல்வார், நிட்டிங்காரர் நூலைச் சொல்வார், நூல் கடைக்காரர் பஞ்சையே குறை சொல்வார். ஷிப்மெண்ட் தேதி மட்டும் நகராது. இந்தச் சண்டைகளுக்கு நடுவில் போனும் கையுமாகத் திரிகிற ஒரு மெர்ச்சண்டைசர் இல்லாமல் ஜாப் ஒர்க் ஒரு நாள் ஓடாது. திறந்த நெட்வொர்க்கிலும் அந்த மெர்ச்சண்டைசர் வேண்டும். அங்கே அவருக்கு சிஸ்டம் இன்டகிரேட்டர் என்று பெயர், அவருடைய சம்பளம் மலிவில்லை. டவர் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் பட்டென்று சொன்னார்: "இப்ப கார்டு போனா ஒருத்தனுக்குப் போன் பண்ணுனாப் போதுங்ணா. அப்புறம் மூணு பேருக்குப் பண்ணோணும்."

ஜப்பானில் ரகுட்டன் மொபைல் 2020 ஏப்ரலில் முழு அளவில் சேவையைத் தொடங்கியபோது, நோக்கியா ரேடியோவும் ஆல்டியோஸ்டார் சாப்ட்வேரும் பேசிக்கொண்டன. மேலே இருக்கிற பெட்டி பேசியது. ஆனால் அந்த மூட்டுகளையெல்லாம் ஒட்டும் வேலையை ரகுட்டன் தானே செய்தது, மொபைல் தொழிலில் பல வருஷம் பெரிய நஷ்டத்தையும் தாங்கியது. அமெரிக்காவில் டிஷ் என்ற கம்பெனி இதே வழியில் 5ஜி கட்டியது. 2025ல் அதன் தாய்க் கம்பெனி அலைக்கற்றையின் பெரும்பகுதியை ஏடி அண்டு டிக்கும் ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்க ஒப்புக்கொண்டது. அதற்கு நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. கடனும் அரசின் நெருக்கடியும் அதில் நிறைய. வேடிக்கை ஏடி அண்டு டியின் கதை. ஓரான் அலையன்ஸைத் தொடங்கிய ஐவரில் ஒருவரான அவர்கள், 2023 டிசம்பரில் ஓப்பன் ரேனுக்காகச் சுமார் 1,400 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தத்தை எரிக்சனிடம் கொடுத்தார்கள். ஜாப் ஒர்க் முறைக்கு மாறுகிறேன் என்று சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட எல்லா ஜாப்பையும் ஒரே காம்பவுண்டுக்குக் கொடுத்த மாதிரி. மூட்டு திறந்திருக்கிறது, பிறகு ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும்.

நம் ஊர் உதாரணம் பிஎஸ்என்எல்லின் 4ஜி. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் தொடங்கி வைத்தபோது, சுமார் 97,500 டவர் என்று கணக்குச் சொன்னார்கள். ரேடியோ தேஜஸ் நெட்வொர்க்ஸ், கோர் அரசின் ஆய்வு அமைப்பான சிடாட், எல்லாவற்றையும் கோத்துப் பொறுப்பெடுத்தது டிசிஎஸ். ஓரான் ஏட்டில் உள்ளபடி எல்லா மூட்டும் இதில் திறந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நூல், சாயம், மெர்ச்சண்டைசர் மூன்றும் மூன்று இடம் என்பது தெளிவாகத் தெரிகிறது. தாமதமும் அதே காரணத்தால்தான் கொஞ்சம் ஆனது என்பது என் எண்ணம்.

கடைசியாகத் திறக்கும் கதவு சேவைகளுடையது. நெட்வொர்க்குக்குத் தெரிந்த சில விஷயங்களை, உங்கள் சம்மதத்தோடு, வெளியாட்கள் கேட்க அனுமதிப்பது. 2023 பிப்ரவரியில் ஜிஎஸ்எம்ஏ என்ற ஆபரேட்டர்கள் சங்கம் ஓப்பன் கேட்வே என்ற பெயரில் இதைத் தொடங்கியது. நம் ஆபரேட்டர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு திருடன் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபியைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பணம் போகுமுன் பேங்க், இந்த நம்பரின் சிம் சமீபத்தில் மாறியதா என்று ஆபரேட்டரின் சிஸ்டத்தைக் கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தால் பணம் நிற்கும். எல்லா ஆபரேட்டரிடமும் ஒரே மாதிரிக் கேட்க முடிய வேண்டும் என்பதுதான் இதிலும் விஷயம், அதே சலான் கதை.

போன மாசம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது மாமா கேட்டார்: "மாப்ளே, எல்லாம் 5ஜின்றாங்களே, இந்த மோட்டார்ப் பொட்டிய மாத்தோணுமா?"

அந்தப் பெட்டிக்குள் இருப்பது 2ஜி. ஆபரேட்டர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடமும் அதுதான். ஓப்பன் ரேன் கருவிகளில் பெரும்பாலானவை 4ஜிக்கும் 5ஜிக்கும் எழுதப்பட்டவை, 2ஜியையும் சேர்த்துச் சுமப்பவை குறைவு. ரகுட்டனுக்குச் சொந்தமாகப் பழைய நெட்வொர்க்கே இல்லை, வெறும் காட்டில் வீடு கட்டுவது போலக் கட்டினார்கள். இங்கே பட்டன் போனும் மோட்டார்ப் பெட்டியும் இருக்கிற வரைக்கும் பழைய ரேடியோவை ஒரேயடியாகக் கழற்றிக் கீழே இறக்க முடியாது. 2016ல் வந்த ஜியோ 2ஜியே வைத்துக்கொள்ளாமல் தப்பித்தது.

இதையெல்லாம் சுருக்கிச் சொல்லி, அடுத்த தடவை வாங்கும்போது 4ஜி போட்டதாக வாங்குங்கள் மாமா என்றேன்.

"ஓடற மோட்டார எதுக்கு மாப்ளே இப்ப நிறுத்தறது?" என்றபடி போனை எடுத்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். கிணற்றுப் பக்கம் மோட்டார் உறுமியது.